ஆமை புகுந்த வீடு

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்ற பழமொழியை இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால், அமீனா என்பவர் யார் என்று முதலில் விளக்க வேண்டியிருக்கிறது. கடந்த ஜனவரியில் என் பேத்தியிடம் இதைச் சொல்லி மாட்டிக்கொண்டேன். கோர்ட் உத்தரவோடு வந்து அண்டா குண்டாவைக்கூட ஜப்தி பண்ணிக்கொண்டு போகிறவர் என்றேன். "சரி தாத்தா, அவர் வந்தா வீடு போயிடும், புரியுது. ஆமை என்ன பண்ணிச்சு?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. நாங்கள் நின்றிருந்தது பெசன்ட் நகர் கடற்கரை. எங்கள் காலடியில் ஓர் ஆமை செத்துக் கிடந்தது.

அஷ்டலட்சுமி கோயிலுக்குப் போய்விட்டு, பேத்திக்குக் கடல் காட்டலாம் என்று மணலில் இறங்கியிருந்தோம். இரண்டடிக்குச் சற்று மேல் நீளம் இருக்கும். கண்கள் இரண்டும் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தது. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. அடையாறு முகத்துவாரம் பக்கமாக நடந்ததில் மூன்றாவது. மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்கள் சிலர். ஒரு பையன் பக்கத்தில் குந்தி செல்ஃபி எடுத்துக்கொண்டான். அவனைக் கோபித்துக்கொள்ளும் யோக்கியதை எனக்கு இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அந்த மாதப் பத்திரிகைகளைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். 2025 ஜனவரியில் சென்னையிலும் அதை ஒட்டிய கடற்கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. எல்லாம் ஆலிவ் ரிட்லி என்கிற பங்குனி ஆமைகள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கு எடுத்துக்கொண்டது. பிரேதப் பரிசோதனை செய்ததில் மூச்சுத் திணறிச் செத்தவை என்று தெரிந்தது. கடலிலேயே வாழும் பிராணி கடலிலேயே மூச்சு முட்டிச் சாகுமா என்று நம் வட்டாரத்து நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆமை மீன் இல்லை. அதற்குச் செவுள் கிடையாது, நம்மைப் போல நுரையீரல்தான். மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மறுபடி உள்ளே போக வேண்டும். விசைப்படகின் இழுவைமடி இரண்டு மணி, மூன்று மணி நேரம் கடலடியை வாரிக்கொண்டு போகும். அதற்குள் அகப்பட்ட ஆமை திமிறித் திமிறி, இருக்கிற மூச்சையும் சீக்கிரம் செலவழித்துவிட்டுச் சாகிறது. மடியை மேலே இழுத்து உதறும்போது செத்த ஆமையைத் திரும்பக் கடலில் போட்டுவிடுவார்கள். அலைதான் நம்மிடம் கொண்டுவந்து சேர்க்கிறது.

இனி என் கதை. ஐம்பது வருஷம் யாரிடமும் சொல்லாதது. வீட்டுக்காரிக்கே இதைப் படித்துத்தான் தெரியப் போகிறது.

1976. எனக்கு இருபத்திரண்டு வயது. ரயில்வே கணக்குப் பிரிவில் சேர்ந்த புதிது. ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் ஒரு சனிக்கிழமை ராத்திரி நீலாங்கரைக்குப் போனோம். அடையாறு வரைக்கும் பஸ், அங்கிருந்து வாடகை சைக்கிள். இன்றைக்கு ஈசிஆர் என்று சொல்கிற ரோட்டில் அப்போது வீடுகளை எண்ணிவிடலாம். சவுக்குத் தோப்பு, மணல், அங்கங்கே குப்பம், அவ்வளவுதான். "நிலா வெளிச்சத்தில் கடலோரம் படுத்துக்கொண்டு பாட்டுப் பாடலாம்" என்பதுதான் திட்டம். நாலு பேரில் ஒருவனுக்கும் பாட வராது என்பது வேறு விஷயம்.

நள்ளிரவு தாண்டியிருக்கும். அலையிலிருந்து கறுப்பாக ஏதோ ஒன்று ஏறி வந்தது. முதலில் மரக்கட்டை என்று நினைத்தோம். அது நின்று நின்று, பெருமூச்சு விட்டுவிட்டு, மணலில் தன்னை இழுத்துக்கொண்டு மேலே வந்தது. மேட்டில் ஓரிடம் பார்த்து, பின்னங்கால் துடுப்புகளால் குழி தோண்ட ஆரம்பித்தது. ஒரு துடுப்பு மணலை அள்ளி வெளியே போடும், அது முடிந்ததும் அடுத்தது. கண்ணால் பார்க்காமலே ஒன்றரையடி ஆழத்துக்குப் பானை மாதிரி ஒரு குழி. என் பாட்டி மாவு பிசைவதைப் பார்த்த மாதிரி இருந்தது. அவ்வளவு பழக்கப்பட்ட கை.

நாங்கள் என்ன செய்தோம்? டார்ச் லைட்டை முகத்தில் அடித்தோம். ஒருவன் அதன் முதுகில் ஏறி உட்கார்ந்தான். அடுத்து நான் உட்கார்ந்தேன். நாற்பது கிலோ பிராணியின் மேல் அறுபது கிலோ ஆள். என் சிநேகிதனிடம் அக்ஃபா கேமரா இருந்தது. ஃப்ளாஷ் போட்டு இரண்டு படம் எடுத்தான். ஆமையின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அழுகிறது என்று சொல்லிச் சிரித்தோம். உடம்பில் சேரும் உப்பை அது அப்படித்தான் வெளியேற்றும், அழுகை இல்லை என்று பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். அதனால் எனக்குப் பெரிதாக ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை.

சத்தம் கேட்டு ஒரு பெரியவர் வந்தார். கோவணம், தலையில் துண்டு. கட்டுமரத்துக்காரர். எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, உங்க வூட்ல பொம்பளைங்களுக்குப் பிரசவம் ஆவறப்போ இப்படித்தான் உள்ள பூந்து லைட்டு அடிப்பீங்களா?" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை, போய்விட்டார். நாங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். பிறகு, ஆமை குழியை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பியதும், குழியைத் தோண்டி முட்டைகளை எடுத்துக்கொண்டோம். ஆமாம், பெரியவர் சொன்னதைக் கேட்ட பிறகும்தான். பிங்பாங் பந்து மாதிரி வெள்ளையாக, தொட்டால் மெத்தென்று அமுங்கும் முட்டைகள். நூறுக்குக் குறையாது. பங்கு போட்டதில் என் மஞ்சள் பையில் இருபத்தைந்து.

அன்றைக்கு ஆமை முட்டையை எடுப்பதும் தின்பதும் விற்பதும் கடலோரத்தில் புதிதல்ல. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972லேயே வந்துவிட்டது. ஆனால் அப்படி ஒரு சட்டம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. இன்று இந்த ஆமை அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

விடிந்து தாம்பரம் வந்து சேர்ந்தேன். பையைத் திறந்து பார்த்த அம்மா அலறிவிட்டாள். "ஆமை புகுந்த வீடு உருப்படுமாடா? வெளியே கொண்டு போ!" முட்டை தின்னும் ஆசை எனக்கும் அதற்குள் போய்விட்டது. எறியவும் மனசு வரவில்லை. கொல்லையில் தென்னை மரத்தடியில் குழி தோண்டி, இருபத்தைந்தையும் புதைத்தேன். கடல் மணல் இல்லை, செம்மண். ஐம்பது நாளில் பொரிக்கும் என்று யாரோ சொன்னார்கள். தினமும் ஆபீசிலிருந்து வந்ததும் போய்ப் பார்ப்பேன். பொரித்தால் என்ன செய்வது, தாம்பரத்திலிருந்து எப்படிக் கடலுக்குக் கொண்டுபோவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. இரண்டு மாதம் கழித்துத் தோண்டிப் பார்த்தேன். அந்த நாற்றம் இன்னும் மறக்கவில்லை. சென்ற ஜனவரியில் பெசன்ட் நகரில் மூக்கில் ஏறியதும் அதே நாற்றம்தான்.

நாங்கள் கொட்டம் அடித்துக்கொண்டிருந்த அதே எழுபதுகளில், அதே கரையில், வேறு சில இளைஞர்களும் ராத்திரியில் நடந்துகொண்டிருந்தார்கள் என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. கிண்டி பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கரைச் சேர்ந்த கூட்டம். எங்களைப் போன்றவர்கள் கைக்குச் சிக்குமுன் முட்டைகளை எடுத்து, பத்திரமான இடத்தில் அதே ஆழத்தில் புதைத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். அதில் சதீஷ் பாஸ்கர் என்று ஒருவர். ஐஐடியில் படிக்க வந்து ஆமைப் பைத்தியம் பிடித்தவர். இந்தியக் கடற்கரையின் பெரும்பகுதியைக் காலால் அளந்தவர் என்றே சொல்லலாம். 1982இல் மழைக்காலம் முழுவதும் லட்சத்தீவின் சுகேலி என்ற ஆளில்லாத தீவில், ஆமை பார்ப்பதற்காகத் தனியாக இருந்தார். தபாலுக்கு வழியில்லை. மனைவிக்குக் கடிதம் எழுதி ஒரு பாட்டிலில் அடைத்துக் கடலில் எறிந்தார். அது மிதந்து மிதந்து இலங்கைக்குப் போய், ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் அதை மெனக்கெட்டுத் தபாலில் சேர்த்து, அந்த அம்மாளுக்குக் கிடைத்தும் விட்டது. கதை எழுதினால் நம்ப மாட்டார்கள். அவர் 2023இல் காலமானார். பத்திரிகையில் அந்தச் செய்தியைப் படித்த அன்று என்னவோ மனசு சரியில்லாமல் இருந்தது.

1988இல் மாணவர்கள் சேர்ந்து இதற்கென ஓர் அமைப்பு தொடங்கினார்கள். இன்றும் ஜனவரி முதல் மார்ச் வரை நீலாங்கரையிலிருந்து ராத்திரி நடை நடக்கிறது. வனத்துறையும் சேர்ந்து, தமிழ்நாட்டுக் கடற்கரை நெடுகப் பொரிப்பகங்கள் போட்டிருக்கிறது. 2023-24 பருவத்தில் மட்டும் மாநிலம் முழுவதும் இரண்டு லட்சத்துக்கு மேல் குஞ்சுகள் கடலுக்குப் போயின. பெரிய சாதனை, சந்தேகமில்லை. குஞ்சு விடும் மாலை வேளையில் பெசன்ட் நகரில் நிற்க இடம் இருக்காது. உள்ளங்கையில் அடங்குகிற குஞ்சுகள், தத்தித் தத்தி அலைக்குப் போவதைப் பார்த்தால் கல்நெஞ்சும் கரையும். குழந்தைகள் கை தட்டுகிறார்கள். எல்லார் கையிலும் போன்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். முப்பத்தைந்து வருஷம் வரவு செலவு பார்த்தவன் ஆனபடியால், எண் ஒன்றைப் பார்த்தால் பக்கத்தில் இன்னொரு எண்ணை எழுதிப் பார்ப்பேன். கடலில் விடும் குஞ்சுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் பெரிதாகும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். மீன் தின்னும், பறவை தின்னும், நண்டு இழுத்துக்கொண்டு போகும். இதெல்லாம் இயற்கையின் கணக்கு. குறை சொல்ல முடியாது. அப்படியானால் இரண்டு லட்சம் குஞ்சில் எத்தனை? இருநூறு ஆமை. அதுவும் முட்டையிடும் பருவத்துக்கு வரப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். இது வரவு. செலவு? ஒரே ஜனவரியில் ஆயிரத்துக்கு மேல் வளர்ந்த ஆமைகள். கரை ஒதுங்காமல் கடலோடு போனவை கணக்கில் இல்லை. மாநிலம் முழுக்க ஆட்கள் ராத்திரி ராத்திரியாகத் தூக்கம் விட்டு ஐந்து பருவம் உழைத்தால் கிடைக்கக் கூடியது, ஒரே மாதத்தில் போய்விட்டது. என் சர்வீசில் இப்படி ஒரு பேரேடு மேஜைக்கு வந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

இதுதான் என் ஆதங்கம். நமக்குக் குஞ்சின் மேல் பாசம் இருக்கிறது. தாயைப் பற்றிக் கவலை இல்லை. குஞ்சு கண் முன்னால் இருக்கிறது, அழகாக இருக்கிறது, மாலை ஆறு மணிக்கு வருகிறது. தாய் சாவது கரைக்கு அப்பால், நாம் பார்க்காத இடத்தில். செத்து நாறினால்தான் நமக்குச் செய்தி.

மீனவர்களைக் கரித்துக்கொட்டுவது சுலபம். அந்த ஜனவரியில் பார்க்கில் நடக்கும்போது எங்கள் கோஷ்டியும் அதைத்தான் செய்தது. ஆனால் மீனவர் என்றால் யார்? ஃபைபர் படகில் இரண்டு பேர் போய் வலை போடுகிறவரும் மீனவர்தான். அவர் வலையில் ஆமை மாட்டினால் வலை கிழியும், அவருக்கே நஷ்டம். வலையை அறுத்து ஆமையைக் கடலில் விட்டவர்களை நானே நேரில் பார்த்திருக்கிறேன். கரையிலிருந்து 5 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 9 கிலோமீட்டர், அவருக்கென்று விடப்பட்ட கடல். விசைப்படகு அதற்குள் இழுவைமடி போடக் கூடாது என்பது சட்டம். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இலேயே வந்தது. ஆமைகள் முட்டையிடத் திரள்வதும் பெரும்பாலும் இந்தக் கரையோரக் கடலில்தான். சட்டத்தை அப்படியே நடத்தினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆமைக்கும் லாபம், ஃபைபர் படகுக்காரருக்கும் லாபம். விசைப்படகுகளில் இப்போது இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர் கருவி பொருத்தி வருகிறார்கள். புயல் எச்சரிக்கைக்கு உதவும் கருவி, எந்தப் படகு எந்த ராத்திரி எங்கே இருந்தது என்பதையும் சொல்லிவிடுமே. கேட்க வேண்டியவர்கள் கேட்டால் சொல்லும்.

இன்னொரு வழியும் உண்டு. மடியின் கழுத்தில் ஒரு கம்பிச் சட்டம் பொருத்துவது. இறாலும் சின்ன மீனும் கம்பிகளுக்கு நடுவே புகுந்து பின்னால் போய்விடும். ஆமை சட்டத்தில் முட்டி, பக்கத்தில் உள்ள திறப்பு வழியாக வெளியேறிவிடும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் கடலுக்கு ஏற்றபடி ஒன்றைச் செய்தே கொடுத்திருக்கிறது. ஆமையோடு சேர்ந்து கொஞ்சம் மீனும் போய்விடுகிறது என்பது படகுக்காரர்களின் வாதம். டீசல் விற்கிற விலையில் அதைத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காக்காரன் இந்தக் கருவி இல்லாத நாட்டிலிருந்து கடல் இறால் வாங்க மாட்டேன் என்று 1989இல் சட்டம் போட்டான். இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நாலும் சேர்ந்து உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே பக்கம் நின்ற அபூர்வ வழக்கு! 1998இல் தீர்ப்பு. நாட்டுக்கு நாடு பாரபட்சம் காட்டியது தப்பு, ஆனால் ஆமையைக் காப்பாற்ற நினைத்தது தப்பில்லை என்கிற மாதிரித் தீர்ப்பு. 2019இல் இருந்து நம் கடலில் பிடித்த இறால் அங்கே போக முடியாமல் நிற்கிறது. குளத்தில் வளர்க்கிற இறால் மட்டும் போகிறது.

வாங்குகிறவன் கேட்டதால்தான் எல்லாரும் அசைந்து கொடுக்கிறார்கள். பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறவன் கேட்டான். தாம்பரம் மார்க்கெட்டில் இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி நின்று வாங்குகிற நான் ஒரு தடவையாவது கேட்டிருப்பேனா? மீன் ஃப்ரெஷ்ஷா என்று செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். ஐஸ் மீனா என்பேன். விலை குறைப்பேன். அத்தோடு சரி.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டே விட்டேன். எங்களுக்குப் பதினைந்து வருஷமாக மீன் தரும் அம்மா. விடிகாலை காசிமேட்டில் ஏலம் எடுத்துக்கொண்டு வருவார்.

"ஏம்மா, இந்த எறா எந்தப் படகுல வந்தது?"

"இன்னா சார் புதுசா கேக்கற? லாஞ்சில வந்ததுதான்."

ஆமை செத்த விஷயத்தைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு முன்னால் தெரிந்திருந்தது. "பாவம் சார், வாயில்லா ஜீவன். எங்க மாமியா அத்தப் பாத்தா கன்னத்துல போட்டுப்பாங்க" என்றார். பிறகு தராசைக் கீழே வைத்துவிட்டு, "ஆமை வராத வலைன்னு ஒரு வலை வெச்சுப் புடிச்சா, மீனு கம்மியா வரும். கிலோவுக்கு அம்பது ரூபா கூட ஆவும். நீ குடுப்பியா சார்? நீ குடுத்தா, உன் பக்கத்து வூட்டுக்காரரு குடுப்பாரா?" என்றார்.

நான் அரைக் கிலோ இறாலுக்குப் பேரம் பேசி இருபது ரூபாய் குறைத்திருந்தேன், அப்போதுதான்.

மீன் தின்பதை விட்டுவிடு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பார்க் கோஷ்டியில் சைவக்காரர்கள் அதிகம். அவர்கள் கை சுத்தம் என்று அவர்களுக்கு எண்ணம். அவர்களிடமும் ஒரு விஷயம் சொன்னேன். மேற்குத் தாம்பரம், முடிச்சூர்ப் பக்கம் நாம் வீசுகிற பிளாஸ்டிக் பை எங்கே போகிறது? அடையாற்றில். அடையாறு போய் விழுவது பெசன்ட் நகர் உடைந்த பாலத்தருகே, ஆமை முட்டையிடுகிற மணலுக்குப் பக்கத்தில். கிழக்குத் தாம்பரம் என்றால் சேலையூர், செம்பாக்கம் ஏரிகள், பிறகு பள்ளிக்கரணை, ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கடைசியில் முட்டுக்காடு. இரண்டு பக்கமும் கடல்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வரதராஜபுரத்துக்காரர்கள் எதைப் பறிகொடுத்தார்களோ, எல்லாமே போய்ச் சேர்ந்த இடம் அதுதானே. ஆமை ஜெல்லி மீன் தின்னும். தண்ணீரில் மிதக்கிற பிளாஸ்டிக் பைக்கும் ஜெல்லி மீனுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. இதைச் சொன்னதும் பேச்சு மெட்ரோ ரயில் எப்போது கிளாம்பாக்கம் வரும் என்பதற்குப் போய்விட்டது.

விளக்கு விஷயமும் அப்படித்தான். குஞ்சு பொரித்ததும் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போகும். ஒரு காலத்தில் நட்சத்திரமும் நிலாவும் பட்டு மினுங்கும் கடல்தான் வெளிச்சமான பக்கம். இப்போது ஈசிஆரில் இருக்கிற பங்களாவும் ஹோட்டலும்தான் வெளிச்சம். குஞ்சு கடலுக்கு முதுகைக் காட்டி ரோட்டுக்கு நடக்கும். பருவம் நடக்கும் மூன்று நான்கு மாதம் ராத்திரியில் கடலோர விளக்கை அணையுங்கள் என்று கேட்டால், பாதுகாப்பு என்னாவது என்கிறார்கள். 1976இல் அந்தக் கரையில் ஒரு விளக்கும் இல்லை. எங்களால்தான் ஆமைக்குப் பாதுகாப்பு இல்லை.

பழமொழிக்கு வருகிறேன். பேத்தி கேட்டதிலிருந்து அது என்னை விடவில்லை. அது நாலு கால் ஆமையே இல்லை, பொறாமை, கல்லாமை, முயலாமை மாதிரியான 'ஆமை'கள் புகுந்த வீடு என்று பட்டிமன்றங்களில் விளக்கம் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. என் அம்மா அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை, அது நிச்சயம். இதே தமிழில்தான் திருவள்ளுவர் ஐம்புலனை அடக்குகிறவனுக்கு ஆமையை உவமை சொன்னார். காஞ்சிபுரம் கச்சபேசுவரர் கோயிலில் விஷ்ணுவே ஆமையாகி சிவனைப் பூஜித்ததாகத் தலபுராணம். ஒரு பக்கம் அவதாரம், இன்னொரு பக்கம் அமீனாவுக்கு ஜோடி. கோயிலில் கல்லாக இருந்தால் கும்பிடுகிறோம். உயிரோடு வாசலுக்கு வந்தால் வீடு விளங்காது என்கிறோம்.

அம்மா சொன்னதில் ஒன்று மட்டும் பலித்தது. முட்டை புதைத்த அந்தத் தென்னை அதற்கப்புறம் நன்றாகக் காய்த்தது. உருப்படாமல் போனது அந்த இருபத்தைந்துதான். அந்த இடத்தில் இப்போது நாங்கள் இருக்கிற ஃபிளாட்டின் கார் பார்க்கிங். ஃபோட்டோ ஒன்று என்னிடம் இருக்கிறது. ஆமை மேல் உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். கிழித்துப் போட நினைத்து, போடவில்லை.

அரைக் கிலோவுக்கு இருபது ரூபாய் பேரம் பேசியதை மீன்கார அம்மாவிடம் அடுத்த வாரமே நிறுத்திவிட்டேன். அதனால் ஓர் ஆமையும் பிழைக்கப் போவதில்லை. எனக்கே தெரியும். ஆனால் கம்பிச் சட்டம் வைத்த படகின் மீன் என்று தனியாக அடையாளம் போட்டு யாராவது விற்றால், ஐம்பது ரூபாய் கூடக் கொடுக்க நான் தயார் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். "பத்து வூடு சேத்துக் குடு சார், நான் மேஸ்திரிகிட்ட பேசறேன்" என்றார். எங்கள் தெருவில் இதுவரை மூன்று வீடு சரி என்றிருக்கிறது. அதில் ஒன்று என் பெண்ணின் வீடு. படிக்கிற உங்களில் மீன் வாங்குகிறவர்கள் இருந்தால் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்கிறேன்.

வருகிற ஜனவரியில் நீலாங்கரை ராத்திரி நடைக்குப் பேத்தியை அழைத்துப்போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். பதினொரு மணிக்கு மேல் கிளம்பி, மணலில் ஆறேழு கிலோமீட்டர். முழங்கால் டாக்டரிடம் உத்தரவு கேட்டேன். எதற்கு என்றார். ஆமை பார்க்க என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க போற வேகத்துக்கு அது உங்களைப் பார்க்க வரும் சார்" என்றார். மாத்திரையை மட்டும் மாற்றி எழுதிக் கொடுத்தார்.